தூங்க வைக்கிற பட்டன்: ரெண்டு வருஷம் புழங்கின ஸ்டீம் டெக் பத்தி

முதல்லயே சொல்லிடுறேன், இது அன்பாக்சிங் ரிவ்யூ இல்ல. பெட்டியைப் பிரிச்ச மூணாவது நாள் எழுதுனா எந்த சாமானும் நல்லாத்தான் தெரியும். ஸ்டீம் டெக்னா கையில பிடிச்சுக்கிட்டு பிசி கேம் விளையாடுற குட்டி மெஷின். என்கிட்ட இருக்கிறது அதோட எல்சிடி மாடல், 256 ஜிபி, ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, இடது பக்க ஸ்டிக் மேல இருந்த சொரசொரப்பு தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு, பின்பக்கம் ரெண்டு கீறல், ஸ்கிரீன் கிளாஸ் ஓரத்துல நான் ஒட்டும்போது மாட்டுன ஒரு காத்துக்குமிழி இன்னும் அப்படியே இருக்கு. அந்த அளவுக்குப் புழங்கின பொருளைப் பத்தி எழுதுறேன்.

இதை வாங்குறதுக்கு முன்னாடி என் லட்சணம் என்னன்னா, ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில நான் சேத்து வச்ச லைப்ரரியில இருநூறு சொச்சம் கேம், முழுசா முடிச்சது பத்தோ பன்னெண்டோ. சேல் வரும்போதெல்லாம் வாங்குவேன், இன்ஸ்டால் பண்ணுவேன், டுட்டோரியல் தாண்டுவேன், அவ்ளோதான். மேஜையில இருக்கிற பிசி மோசமான பிசி கிடையாது, ஆனா நாள் பூரா அதே நாற்காலியில அதே மானிட்டரைப் பாத்து வேலை செஞ்சுட்டு, விளையாடவும் அதே எடத்துல போய் உக்காரணும்னா மனசு வராது. சரின்னு ஒரு நாள் மனசைத் தேத்திக்கிட்டு ஆன் பண்ணா ஓஎஸ் அப்டேட், அது முடிஞ்சா கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட், அது முடிஞ்சா கேமுக்கு பெரிய பேட்ச், அதுவும் முடிஞ்சா கேம் கம்பெனி கேமைத் தொறக்கவே தனியா ஒரு லாஞ்சர் புரோகிராம் வச்சிருப்பான், அது பாஸ்வேர்ட் கேக்கும், பாஸ்வேர்ட் போட்டா மெயிலுக்கு கோட் அனுப்புவான், மெயிலைத் தொறந்தா ஆபீஸ் மெயில் கண்ணுல படும். முடிஞ்சுது கதை.

அதனால டெக்ல எனக்குப் பிடிச்ச விஷயம் எதுன்னு கேட்டா சிப்போ ஸ்கிரீனோ சொல்ல மாட்டேன், மேல இருக்கிற பவர் பட்டன் தான். ஒரு அழுத்து, கேம் அப்படியே உறைஞ்சு போகும். திரும்ப ஒரு அழுத்து, சில செகண்ட்ல விட்ட எடத்துலயே நிக்கும். மெனு இல்ல, லாஞ்சர் இல்ல, "கண்டினியூ" கூட அழுத்த வேண்டாம். போன்ல இதெல்லாம் எப்பவோ இருக்கே, கன்சோல்லயும் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா பிசி கேம் உலகத்துல இது இவ்ளோ ஒழுங்கா வேலை செஞ்சு நான் பாத்ததில்ல. என் பழைய லேப்டாப்ப மூடி வச்சா தூங்கும்னு நினைச்சுப் பைக்குள்ள போடுவேன், வெளிய எடுத்தா இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கும், பேட்டரி காலி. தூங்குறவனை எழுப்பலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாதுன்னு சொல்வாங்கல்ல, அந்த லேப்டாப் ரெண்டாவது ரகம்.

இந்த பட்டனோட அருமை எல்டன் ரிங்ல தான் புரிஞ்சுது. அந்த கேம்ல நடுவுல நிறுத்தி வைக்க ஒரு பாஸ் பட்டனே கிடையாது, தெரியும்ல? மெனுவைத் தொறந்து வச்சாலும் பின்னாடி அடி விழுந்துகிட்டே தான் இருக்கும். நான் அதுல வர்ற மார்கிட்ங்கிற பெரிய வில்லன் கிட்ட பதினெட்டாவது தடவையோ என்னவோ மோதிட்டு இருக்கேன், அவனுக்கு இன்னும் கால்வாசி ரத்தம் கூட இல்ல, எனக்கு உயிர் ஏத்துற பிளாஸ்க் ஒண்ணு மிச்சம், அந்த நேரம் பாத்து போன் அடிக்குது, எடுத்தே ஆகவேண்டிய கால். பட்டனை அமுக்கிட்டேன். நாப்பது நிமிஷம் பேசிட்டு வந்து எழுப்புறேன், மார்கிட் கைத்தடியை ஓங்குன கையோட அந்தரத்துல அப்படியே நிக்கிறான். அந்த கேம் விளையாடுனவங்களுக்குத் தெரியும், அவன் சாதாரணமாவே ஓங்குன கையை இறக்காம நம்மள ஏமாத்துற ஆளு, இதுல நாப்பது நிமிஷம் ஓங்கிட்டு நின்னிருக்கான். நான் ஸ்டிக்ல விரல் வைக்கிறதுக்குள்ள இறக்கிட்டான். செத்தேன். அது வேற விஷயம், ஆனா பிசில அந்த கால் வந்திருந்தா ஒண்ணு போனை விட்டிருப்பேன் இல்ல சண்டையை விட்டிருப்பேன். ஒரு டிப்ஸ், இது ஆஃப்லைன்ல விளையாடுனா தான் சரியா வரும், ஆன்லைன்ல இருந்தா எழுப்புன உடனே கனெக்‌ஷன் போச்சுன்னு டைட்டில் ஸ்கிரீனுக்கு அனுப்பிடும்.

எல்டன் ரிங் பத்திப் பேசும்போது இன்னொண்ணு. அது வந்தது 2022 பிப்ரவரி 25, டெக் வந்தது அதே மாசம் 28, மூணே நாள் வித்தியாசம். பிசில அப்ப அந்த கேம் திக்கித் திக்கி ஓடுதுன்னு ஒரே புலம்பல், டெக் பண்ற வால்வ்காரங்க அவங்க பக்கத்துல இருந்து அதுக்கு வைத்தியம் பாத்து பெரிய பிசியை விட இதுல அந்தத் திக்கல் கம்மியா ஓட வச்சாங்க. அந்த வைத்தியத்துல பெரும்பங்கு கேம் கேக்குற மெமரியைச் சமாளிக்கிறதுல. அது போக டெக்குக்கு இன்னொரு வசதியும் இருக்கு, உலகத்துல இருக்கிற எல்லா டெக்குக்கும் ஒரே மாதிரி கிராபிக்ஸ் சிப் (ஜிபியு), அதனால படம் வரையச் சொல்ற ஷேடர்ங்கிற குட்டி புரோகிராமை ஒரு எடத்துலயே அந்த சிப்புக்குப் புரியற மாதிரி மாத்தி, அதாவது கம்பைல் பண்ணி, ரெடிமேடா எல்லாருக்கும் இறக்கிடலாம். பிசில ஒவ்வொருத்தன் கார்டும் ஒவ்வொரு மாதிரி, அதனால அவனவன் வீட்ல அவனவன் தான் கம்பைல் பண்ணிக்கணும், விளையாடுற நேரத்துல அது நடக்கும்போது தான் அந்த வெட்டு வெட்டா வர்ற இம்சை. கேம் ஓடறதுக்கு முன்னாடி டெக் ஏதோ தனியா டவுன்லோட் பண்ணுதேன்னு எரிச்சலா இருக்கும், அது இதுதான், விடுங்க பண்ணட்டும்.

சிப் பத்தி சுருக்கமா. ஏஎம்டி, சிபியு ஜென் 2 ரகத்துல நாலு கோர், ஜிபியு ஆர்டிஎன்ஏ 2 ரகத்துல எட்டு கம்ப்யூட் யூனிட், 16 ஜிபி ராம், அதை சிபியுவும் ஜிபியுவும் பங்கு போட்டுக்கும். மொத்த சிப்பும் சாப்பிடுறது அதிகபட்சம் 15 வாட். என் பிசில கிராபிக்ஸ் கார்டு மட்டும் இருநூறைத் தாண்டும். அப்புறம் எப்படி ஓடுதுன்னா ஸ்கிரீன் 1280 க்கு 800, கணக்குப் போட்டா பத்து லட்சத்து சொச்சம் பிக்சல், 1080 ல பாதி, 4கே ல எட்டுல ஒரு பங்கு. ஏழு இஞ்ச்ல அதுவே போதும். ஸ்பெக் ஷீட்ல 800 னு பாத்துட்டு "என்ன இது பழைய போன் மாதிரி"ன்னு நானும் நக்கல் அடிச்சவன் தான், அந்த நக்கலை வாபஸ் வாங்கிக்கிறேன்.

40 ஹெர்ட்ஸ் விஷயம் தான் நிறைய பேருக்குத் தெரியல. வலது பக்கம் மூணு புள்ளி போட்ட பட்டனை அமுக்குனா ஒரு பேனல் வரும், அதுல ஃப்ரேம் லிமிட்டை, அதாவது செகண்டுக்கு எத்தனை படம் காட்டணும்ங்கிறதை, 40 ல வைக்கலாம், ஸ்கிரீனும் கூடவே 40 க்கு எறங்கும். 30 க்கும் 60 க்கும் நடு 45 தானேன்னு தோணும், ஆனா கண்ணுக்கு முக்கியம் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் எவ்ளோ நேரம்ங்கிறது. 30 ல அது 33.3 மில்லி செகண்ட், 60 ல 16.7, ரெண்டுக்கும் சரியா நடுவுல 25, அதான் 40. பேட்டரிக்கும் லாபம், கைக்கும் அந்த இழுவை தெரியாது. சைபர்பங்க் மாதிரி கனமான கேம் எல்லாம் நான் இப்படித்தான் ஓட்டுறேன். அப்படி ஓட்டியும் ரெண்டு மணி நேரத்துல சார்ஜர் தேடணும், பேட்டரி 40 வாட் ஹவர் தானே. அதே பேனல்ல வாட் லிமிட்டும் இருக்கு, ஹாலோ நைட், ஸ்டார்டியூ வேலி மாதிரி லேசான கேமுக்கு அதை அஞ்சுல கட்டிப் போட்டா அஞ்சு மணி நேரத்துக்குப் பக்கத்துல தாங்குது. கம்பெனி சொன்னது 2 முதல் 8 மணி நேரம், அந்த எட்டு நான் பாத்ததில்ல, ஒருவேளை மெனுவை மட்டும் பாத்துட்டு உக்காந்திருந்தா வருமோ என்னமோ.

ஹாலோ நைட்னு சொன்னதும் ஞாபகம் வருது, அது 2017 கேம், நான் வாங்கி வருஷக்கணக்கா சும்மா கிடந்துச்சு. டெக் வந்த அப்புறம் தான் முடிச்சேன், எல்லாம் பத்து நிமிஷம், கால் மணி நேரத் துண்டு துண்டா. ரெண்டு வருஷத்துல முடிச்ச கேம் இருபத்தி மூணு. எண்ணிப் பாத்தேன். ஆனா அந்தத் தூக்கத்துக்கு ஒரு பின்விளைவும் இருக்கு, கேமை விட்டு வெளிய வராமலே தூங்க வச்சுப் பழகிட்டா சில கேம்ல சேவ் கிளவுடுக்கு ஏறியிருக்காது. நான் ஒரு தடவை அப்படியே விட்டுட்டு பிசில அதே கேமைத் தொறந்து ஒரு மணி நேரம் விளையாடிட்டேன், அடுத்த நாள் டெக் "ரெண்டு சேவ் இருக்கு, எது வேணும்"னு கேட்டுச்சு, தேதி நேரம் எல்லாம் போட்டுத் தெளிவாத்தான் கேட்டுச்சு, அவசரத்துல தப்பானதை அமுக்குனது நான் தான். யாரையும் திட்ட முடியாது, அதுதான் கடுப்பு.

சாஃப்ட்வேர் பக்கம் வருவோம். உள்ள ஓடுறது ஸ்டீம் ஓஎஸ், ஆர்ச் லினக்ஸ் மேல கட்டுனது. விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டறது புரோட்டான், 2018 ல வந்துச்சு, அதுக்கு அடிப்படை வைன்ங்கிற சாஃப்ட்வேர், அது 1993 ல இருந்து நடந்துட்டு இருக்கிற வேலை. படம் வரையச் சொல்ல விண்டோஸ் கேம் டைரக்ட் எக்ஸ்ங்கிற பாஷையில பேசும், இடையில உக்காந்து இது லினக்ஸ்க்குத் தெரிஞ்ச வல்கன்ல மொழிபெயர்த்துச் சொல்லும், வேற ஒரு கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற எமுலேஷன் எதுவும் கிடையாது, அதனால தான் வேகம் பெருசா அடிபடல. வால்வ் 2015 லயே ஸ்டீம் மெஷின்னு ஒண்ணு விட்டுப் பாத்து எடுபடாமப் போச்சு, அப்ப லினக்ஸ்க்குனு தனியா கேம் பண்ணுங்கன்னு டெவலப்பர் வாசல்ல நின்னு கேக்க வேண்டியிருந்துச்சு. இப்ப யாரையும் கேக்க வேண்டாம், இருக்கிற எக்ஸ்ஈ ஃபைலே ஓடுது. ஸ்டீம் கடையில ஒவ்வொரு கேமுக்கும், டெக்ல நல்லா ஓடும்னா பச்சை டிக், கொஞ்சம் சிரமம் இருக்கும்னா மஞ்சள் குறின்னு போட்டிருப்பாங்க. என் அனுபவத்துல மஞ்சள் போட்டது பாதிக்கு மேல பிரச்சனையே இல்லாம ஓடுது, பச்சை போட்ட சிலதுல எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கு. இன்வென்டரியில ஒரு வாளோட விவரம் படிக்க டெக்கை மூக்குக்குக் கிட்ட கொண்டு போறது எல்லாம் வயசாயிடுச்சான்னு யோசிக்க வைக்குது.

ஓடாததும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. தில்லுமுல்லு பண்றவங்களைப் பிடிக்கிற ஆன்டி சீட் போட்ட மல்டிபிளேயர் கேம் தான் உங்க உலகம்னா இதை வாங்காதீங்க. வேலரன்ட் ஓடாது, அதோட ஆன்டி சீட்டான வான்கார்ட், விண்டோஸோட அடிமட்டமான கெர்னலுக்குள்ள உக்காரணும்னு கேக்குது. ஃபோர்ட்நைட் நேரடியா ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் நல்லா ஓடிட்டு இருந்துச்சு, 2024 அக்டோபர் கடைசில லினக்ஸ் பக்கம் கதவைச் சாத்திட்டாங்க. ஜிடிஏ ஆன்லைனும் அதே வருஷம் செப்டம்பர்ல போச்சு, தனியா விளையாடுற கதை மட்டும் ஓடும். ஓடிட்டு இருந்தது ஒரு அப்டேட்ல நின்னு போறது தான் எனக்கு உறுத்துது, முதல்ல இருந்தே ஓடலன்னா யாரும் வாங்கியே இருக்க மாட்டோம்.

கன்ட்ரோல்ல எல்லாரும் ஸ்டிக்கைப் பத்திப் பேசுவாங்க, எனக்கு டிராக்பேடும், டெக்கைச் சாய்க்கிறதை உணர்ற ஜைரோவும் தான். சிவிலைசேஷன் 6 மவுஸ் இல்லாம விளையாட முடியும்னு நான் நம்பல, வலது டிராக்பேட்ல கட்டை விரலை ஓட்டுனா சின்னதா டிக் டிக்னு அதிர்வு வரும், மவுஸ் வீல் உருட்டுற மாதிரியே இருக்கும். ஜைரோ இன்னும் அழகு, ஸ்டிக் மேல விரல் பட்டா அதுக்குத் தெரியும், பட்டா மட்டும் ஜைரோ வேலை செய்ற மாதிரி செட் பண்ணிக்கலாம், ஸ்டிக்ல ஏறக்குறைய குறி வச்சுட்டு கடைசி அரை இஞ்ச்சை மணிக்கட்டை லேசாச் சாய்ச்சு முடிக்கலாம். போர்ட்டல் 2 இப்படி விளையாடிப் பாருங்க. முதல் ரெண்டு நாள் குடிச்சவன் மாதிரி ஸ்கிரீன் ஆடும், மூணாவது நாள் வெறும் ஸ்டிக்ல விளையாடுறது கையில கிளவுஸ் போட்ட மாதிரி தோணும்.

இப்ப எஸ்டி கார்டு கதை. 256 ஜிபி பத்தல, ஆன்லைன்ல ஒரு 512 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஆச்சரியமான விலைக்குக் கிடைச்சுது, ஆச்சரியப்பட்டிருக்கணும், நான் சந்தோஷப்பட்டேன். டெக்ல போட்டு ஃபார்மேட் குடுத்தா ரொம்ப நேரம் ஓடிட்டு ஃபெயில்னு வருது. மூணு தடவை. லேப்டாப்ல போட்டா சமத்தா 512 காட்டுது, ஃபைல் காப்பி ஆகுது, அப்ப டெக்ல தான் ஸ்லாட் கோளாறுன்னு முடிவு பண்ணி டெக்கை மூணு நாள் திட்டினேன். அப்புறம் ஒரு நண்பன் சொல்லி எச்2டெஸ்ட்டபிள்யூ னு ஒரு சின்ன புரோகிராம் ஓட்டினேன், கார்டு முழுக்க எழுதி, எழுதினதைத் திரும்பப் படிச்சுப் பாக்கும். ராத்திரி பூரா ஓடிட்டு காலையில முடிவு சொல்லுச்சு, உண்மையில உள்ள இருக்கிறது 32 ஜிபி, மிச்சம் எல்லாம் கார்டு சொல்ற பொய். கொள்ளளவைப் பொய்யாச் சொல்ற மாதிரி உள்ள இருக்கிற கன்ட்ரோலரையே மாத்தி எழுதியிருக்கான் புண்ணியவான். டெக் ஃபார்மேட் பண்ணும்போதே கார்டை சோதிச்சுப் பாக்குமாம், அதனால தான் ஏத்துக்கல. லேப்டாப் நம்பினதை டெக் நம்பல. திட்டினதுக்கு டெக்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன், வித்தவன் கிட்ட மெசேஜ் போட்டா பதில் இல்ல. கார்டு எங்க வாங்கினாலும் முதல் நாளே முழுசா ஒரு தடவை எழுதிப் படிச்சுப் பாத்துடுங்க.

கடைசில உள்ள இருக்கிற எஸ்எஸ்டியையே மாத்திட்டேன். பின்னாடி எட்டு ஸ்க்ரூ, நாலு நீளம் நாலு குட்டை, எது எங்க இருந்துச்சுன்னு பேப்பர்ல படம் வரைஞ்சு அதுமேலயே வச்சேன். தொறக்கிறதுக்கு முன்னாடி எஸ்டி கார்டை வெளிய எடுத்துடணும், மறந்துட்டு மூடியைப் பிரிச்சா கார்டு ரெண்டா ஒடையும், நிறைய பேருக்கு ஒடைஞ்சிருக்கு. எனக்கு எடுத்தாச்சான்னு மூணு தடவை பாத்தும் கை நடுங்குச்சு. மூடி கிளிப்புல இருந்து பிரியும்போது "டக்"னு ஒரு சத்தம் வரும், ஒடைஞ்சே போச்சுன்னு நினைப்பீங்க, அப்படித்தான் வரும். உள்ள உலோகத் தகடு, அதைக் கழட்டி, பேட்டரி ஒயரை உருவி, அப்புறம் தான் எஸ்எஸ்டி, 2230 சைஸ், அதாவது 22 மில்லி மீட்டர் அகலம் 30 நீளம், தபால் தலை அளவு. மாத்தி ரெக்கவரி பென்டிரைவ்ல இருந்து ஓஎஸ் ஏத்தி ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. ராமைக் கூட மாத்த முடியாம போர்டோட சேத்து ஒட்டி விக்கிற லேப்டாப்பை வச்சுக் கஷ்டப்பட்டவனுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும்.

அந்த லேப்டாப் ஒரு நாள் நிஜமாவே நிரந்தரமாத் தூங்கிடுச்சு. புதுசு வர்ற வரைக்கும் ரெண்டு வாரம் டெக் தான் என் கம்ப்யூட்டர். யூஎஸ்பி சி ஹப் ஒண்ணு, மானிட்டர், கீபோர்ட், மவுஸ், டெஸ்க்டாப் மோட் போட்டா கேடிஇ பிளாஸ்மா முழு லினக்ஸ் டெஸ்க்டாப். ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் ரெண்டும் பிளாட்பேக்ல (லினக்ஸ்ல ஆப் போடுற ஒரு வழி) கிடைக்குது, இருபது டேப் தொறந்து வச்சும் அசரல. செட்டிங்ஸ்ல தமிழ்நெட் 99 கீபோர்ட் லேஅவுட் கூட இருக்கு, ஆனா தமிழ்99 ல பழகினவங்களுக்கு சில எழுத்து அடுத்தடுத்து வந்தா தானா விழுற புள்ளி இதுல விழாது, ஒவ்வொரு புள்ளியும் நீங்களே வைக்கணும், அது கொஞ்சம் படுத்துது. ஓஎஸ் ஃபைல் எல்லாம் பூட்டி வச்சிருக்கும், பூட்டை ஒடைச்சு ஏதாவது இன்ஸ்டால் பண்ணா அடுத்த பெரிய அப்டேட்ல துடைச்சுட்டுப் போயிடும், அதனால பிளாட்பேக்கோட நிறுத்திக்கோங்க.

குறைன்னு பாத்தா எடை 669 கிராம், படுத்துக்கிட்டு விளையாடினா மூஞ்சில விழும், விழுந்திருக்கு. ஃபேன் கனமான கேம்ல மூச்சு வாங்கும். எல்சிடி ஸ்கிரீன் கலர் சுமார், நண்பனோட ஓஎல்இடி மாடலை பக்கத்துல வச்சுப் பாக்காத வரைக்கும் சுமார்னே தெரியாது. அது 2023 நவம்பர்ல வந்தது, 7.4 இஞ்ச், 90 ஹெர்ட்ஸ், பேட்டரி 50 வாட் ஹவர், எடையும் 640 கிராம், ஆனா கேம் ஓடுற வேகம் கிட்டத்தட்ட அதேதான். ஹாலோ நைட்டோட இருட்டுக் குகையை அதுல பாத்துட்டு என்னோடதுல பாத்தா கறுப்பு வேட்டியை நூறு தடவை தோய்ச்ச மாதிரி இருக்கு. புதுசா வாங்குறவங்க ஓஎல்இடி எடுங்க. ஏற்கனவே எல்சிடி வச்சிருக்கிறவங்க நண்பன் வீட்டுக்குப் போகாதீங்க.

பிசில பெரிய கார்டு வச்சு 144 ஃப்ரேம்ல ஷூட்டர் விளையாடுறவங்களுக்கு இது ரெண்டாவது மெஷின், அதுக்கு மேல எதிர்பார்க்க வேண்டாம். லைப்ரரி நிறைய கேம் வச்சுக்கிட்டு நேரம் மட்டும் இல்லாதவங்களுக்கு தைரியமாச் சொல்வேன், வாங்கலாம். நானே இதை எழுத ஆரம்பிக்கும்போது பட்டனை அமுக்கிட்டு வந்தேன், ஹாஃப் லைஃப் 2 ல ரேவன்ஹோம் தெருவில ஒரு ரம்பச் சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சபடி நிக்கிறேன், எதிர்ல ரெண்டு ஜாம்பி, பேட்டரி 41 சதவீதம்.